செத்தவர் பக்கம் நின்று வாசியுங்கள்: கொலைச்சிந்துப் பாட்டை ராக் இசைக்குக் கொண்டுவரும் வழி

என் அப்பா தேவகோட்டையில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக இருந்தார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, திருவிழா நோட்டீஸ் என்று பகலெல்லாம் ஈய எழுத்துகளோடு கழிந்த வாழ்க்கை. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொரு சரக்கும் அந்த அச்சகத்துக்கு வந்துபோனது. எட்டுப் பக்கம், மட்டமான தாள், அட்டையில் கத்தி ஓங்கிய ஒரு மரக்கட்டை அச்சுப் படம். அதுதான் கொலைச்சிந்து. எங்கோ ஒரு கொலை நடக்கும். சில நாட்களில் அது பாட்டாகிவிடும். அடுத்த சந்தையில் இரண்டு பேர் டேப் என்ற சிறு கைப்பறையை அடித்துப் பாடுவார்கள். கத்தி ஓங்கும் இடம் வந்ததும் பாட்டை நிறுத்திப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். மீதிக் கதை வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

அப்பா இறந்த பிறகு பரணில் இருந்த தகரப் பெட்டியில் பதினான்கு சிந்துப் புத்தகங்கள் கிடைத்தன. நான் இருபது ஆண்டுகளாகப் பேஸ் கிதார் வாசிப்பவள். அந்தப் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் உழைத்து, கொலையைப் பாடும் பழைய பாட்டுகள் எட்டை எங்கள் குழு ராக் தொகுப்பாகப் பதிவு செய்தது. காரைக்குடியிலும் மதுரையிலும் கிதார் பழகும் பிள்ளைகள், எப்படிச் செய்தீர்கள், நாங்களும் செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த பிழையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் எல்லாப் பாட்டிலும் கொலை நடக்கும் அடியில்தான் இசையை உச்சத்துக்குக் கொண்டுபோனோம். டிரம்ஸ் இடிக்கும், கிதார் அலறும், குரல் மேல் ஸ்தாயிக்கு ஏறும். ஓர் ஒத்திகைக்கு நண்பர்கள் சிலரை அழைத்திருந்தோம். கத்தி இறங்கும் அடியில் அவர்கள் விசில் அடித்தார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. விசில் அடிக்கும்படி வாசித்தது நாங்கள்தான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டில் செத்துக்கொண்டிருந்தவள் இருபது வயதுப் பெண்.

மறுநாளிலிருந்து ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டோம். இசையின் பலம் முழுவதும் செத்தவர் பக்கம் நிற்க வேண்டும். கொன்றவனுக்கு ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு கிதார்த் துணுக்குக்கூடக் கிடையாது. கீழே நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

பாட்டு எங்கே கிடைக்கும்

சிந்துப் புத்தகங்களைத் தேடிச் சென்னைக்குப் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அங்கே அவர்கள் பார்க்கப்போகும் பொக்கிஷம் எங்கள் மண்ணிலிருந்து போனதுதான். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிவந்த ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுவதும் தமிழ் அச்சுப் பொருள்களைச் சேர்த்தார். நூல், இதழ், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. இப்போது தரமணியில் இருக்கிறது. மற்றவர்கள் குப்பை என்று அடுப்பில் போட்ட தாள்களைக் கோட்டையூரில் ஒரு மனிதர் அடுக்கி வைத்தார். நூலகத்துக்குப் போகும்போது அதை நினைத்துக்கொண்டு போங்கள்.

அங்கே போய்க் 'கொலை' என்ற சொல்லோடு மட்டும் தேடாதீர்கள். சிந்து, கும்மி, அலங்காரம், தெம்மாங்கு, அம்மானை, கதைப்பாடல் என்று எல்லா வகையிலும் தேடுங்கள். தெருவில் மலிவாக விற்ற இத்தகைய புத்தகங்களைப் பற்றிக் குஜிலி நூல்கள், முச்சந்தி இலக்கியம் என்ற பெயர்களில் ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருப்பவையும் வழி காட்டும்.

புத்தகத்தைக் கையில் எடுத்ததும் வரியைப் படிக்கும் முன் தலைப்புக்குக் கீழே பாருங்கள். 'மெட்டு' என்று போட்டு வேறொரு பாட்டின் முதலடி இருக்கும். அக்காலத்தில் ஊருக்கே தெரிந்த நாடகப் பாட்டோ பக்திப் பாட்டோ அது. இசைக்குறிப்பு கிடையாது. அந்தப் பழைய பாட்டை யாராவது பாடிக் காட்டினால்தான் சிந்தின் ராகம் உங்களுக்குத் திறக்கும். எனவே புத்தகத்தைப் படமெடுத்துக்கொண்டு எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் போங்கள். எங்களுக்கு மூன்று மெட்டுகளைப் பாடிக் காட்டியவர், கல்லல் பக்கத்து ஊரில் இழவு வீடுகளில் ஒப்பாரி பாடும் ஓர் அத்தை. எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியாது. முதலடியை நான் படித்தால் போதும், மெட்டு தானாக அவர் வாயில் வந்து நிற்கும்.

அந்த அத்தைதான் அச்சில் எங்கும் வராத பாட்டு ஒன்றையும் தந்தார். நகைக்காகக் கொழுந்தன்மார் மூன்று பேர் ஒரு பெண்ணை ஊருணியில் அமுக்கிக் கொன்ற கதை. யார், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. அவருடைய அம்மா நாற்று நடும்போது பாடியதாம்.

அச்சான பாட்டில் பிழை இருந்தால் உடனே திருத்திவிடாதீர்கள். அச்செழுத்துப் பெட்டியில் ஓர் எழுத்து தீர்ந்துபோனால் கைக்குக் கிடைத்த வேறு எழுத்தை வைத்து அடியை முடிப்பது உண்டு என்று அப்பா சொல்லியிருக்கிறார். பாடிப் பார்த்தால் எது அச்சுப் பிழை, எது பேச்சு வழக்கு என்று காதே சொல்லிவிடும்.

எதைப் பாடக் கூடாது

கொலைப் பாட்டு என்று சொன்னதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் எடுப்பது ரயில் பெட்டிக் கதையைத்தான். 1952 ஆகஸ்டில் சென்னையில் ஆளவந்தார் என்பவர் கொல்லப்பட்டார். தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடல் இருந்த டிரங்குப் பெட்டி இராமேஸ்வரம் பக்கம் போகும் போட் மெயிலில் வந்து மானாமதுரையில் திறக்கப்பட்டது. எங்களுக்கு மிக அருகில் நடந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. குழுவில் இருவர் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வழக்கில் சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகளோ பேரப் பிள்ளைகளோ எங்கோ இருப்பார்கள். அவர்கள் காதில் இந்தப் பாட்டு எப்படி விழும்? செத்தவரின் பேரனோ பேத்தியோ உயிரோடு இருக்க வாய்ப்புள்ள எந்தக் கொலையையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். பெட்டியிலிருந்த பதினான்கில் ஒன்பது அந்தக் கணக்கிலேயே கழிந்துவிட்டன. வருத்தம்தான், ஆனாலும் சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

மருது சகோதரர்களைப் பாடக் கூடாதா என்றும் கேட்டார்கள். 1801 அக்டோபர் 24ஆம் தேதி அவர்கள் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் அது போரின் பாட்டு, அதற்கு வேறு இசை வேண்டும்.

சில பாட்டுகள் வழிபாட்டில் இருப்பவை. முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டது. பிராமண இளைஞன் ஒருவன் செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்த் திருடர்களால் கொல்லப்படுகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோவிலில் அவன் தெய்வம். வில்லுப்பாட்டில் அவன் விழும் கட்டத்தைப் பாடும்போது சாமி வந்து ஆடுவார்கள். அந்தக் கட்டத்தை நாங்கள் பதிவு செய்யவில்லை. அவன் பூணூலைக் கழற்றி எறிந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ளும் பகுதியையும், அவன் போன பின் பெண்கள் காத்திருக்கும் பகுதியையும் மட்டும் எடுத்துக்கொண்டோம். கொலையைச் சொல்லாமலே கொலைப் பாட்டு ஆகிவிடுகிறது. கதை தெரிந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பே நெஞ்சை அடைக்கும்.

சிந்துப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் வரும் புத்திமதியை வெட்டிவிடுங்கள். பெண்ணே, படி தாண்டாதே, பார்த்தாயா அவள் கதியை என்று முடியும் அடிகள் அவை. கொன்றவனை விட்டுவிட்டுச் செத்தவளுக்குப் புத்தி சொல்லும் அடிகளைப் பாட என் வாய் வராது. பாட்டு அவள் பெயரோடு முடியட்டும். சாதி வசவுகளில் மட்டும் நிதானம் வேண்டும். சின்னநாடான் கதையில் வேறு சாதிப் பெண்ணோடு கொண்ட உறவுக்காகச் சொந்தக் குடும்பமே மகனைக் கொல்கிறது. அங்கே சாதியை எடுத்துவிட்டால் கொலைக்குக் காரணமே இல்லாமல் போய்விடும். சாதி இருக்க வேண்டும், பாட்டுக்காரர் வாயில் வரும் வசவு போக வேண்டும். எந்த அடியை மாற்றினீர்கள் என்பதைக் குறுந்தகட்டு உறையில் அச்சிட்டுவிடுங்கள்.

தாளத்தில் பெயருக்கு இடம் விடுங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான வேலை. பொறுமையாகக் கேளுங்கள்.

கொலைச்சிந்துகளில் நிறைய நொண்டிச் சிந்து மெட்டில் ஓடுபவை. பாரதியின் பாஞ்சாலி சபதத்தில் பெரும்பகுதி இதே யாப்புத்தான். அதைச் சத்தமாகப் படித்தால் நடை பிடிபட்டுவிடும். ஊருணிப் பாட்டின் நடையைக் காட்ட நானே கட்டிய நான்கு அடி இதோ:

ஊருணிக் கரையினிலே – அவள்
ஒருகுடம் தண்ணீர் முகக்கையிலே
பேரினைச் சொல்லியழைத்தார் – பின்னே
பெருமரம் போல்நின்ற மூவரம்மா

முதலடியை நான்காக எண்ணுங்கள். ஊருணிக் ஒன்று, கரையினி இரண்டு, லே என்ற நீட்டம் மூன்று, நான்காவதாகத் தனியே வந்து நிற்கிறது 'அவள்'. அதற்குப் பெயரே தனிச்சொல். சந்தையில் பாடுகிறவர் மூன்றாம் எண்ணிக்கையில் குரலை நீட்டிக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நான்காவதில் அந்தச் சொல்லைக் கையில் வைப்பதுபோல வைப்பார்.

ராக் டிரம்ஸ் பழகியவருக்கு ஸ்நேர் என்ற சிறு டிரம்மின் அடி இரண்டிலும் நான்கிலும் விழுவதுதான் இயல்பு. நான்கில் ஸ்நேர் விழுந்தால் 'அவள்' அடிபட்டுப் போவாள். எங்கள் டிரம்ஸ்காரரும் நானும் இதற்காக இரண்டு வாரம் சண்டை போட்டோம். கடைசியில் வேகத்தை நிமிடத்துக்கு 72 எண்ணிக்கையாகக் குறைத்து, ஸ்நேரை மூன்றில் மட்டும் விழச் செய்தோம். 'லே' நீளும்போது ஒரே ஓர் அடி, அதன் ஓசை அடங்கும் இடத்தில் தனிச்சொல். நான்காம் எண்ணிக்கையில் என் பேஸ் கிதாரையும் கையால் அமுக்கிவிடுவேன். அந்த ஒரு சொல் நேரம் எந்தக் கருவியும் ஒலிக்காது. பாட்டு நெடுக நாற்பது தடவை அப்படி இடம் விட்ட பிறகு கேட்பவர் தாமாகவே அந்த இடத்தை எதிர்பார்க்கத் தொடங்குகிறார். அப்போது நாற்பத்தோராவது தடவை 'அவள்' என்ற இடத்தில் குரலும் வராது. அந்த அடியில்தான் அவள் சாகிறாள்.

சந்தைப் பாடகர்கள் புத்தகம் விற்பதற்காக நிறுத்திய அதே இடத்தில்தான் நாங்களும் நிறுத்துகிறோம். யாரும் விசில் அடிப்பதில்லை.

கும்மி மெட்டில் வரும் பாட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை. மூன்று மூன்றாக நடக்கும். எட்டில் ஆறு என்று எண்ணிக்கொண்டு மெதுவான ஆட்டமாக வாசித்துவிடலாம்.

ஒப்பாரிக்குத் தாளம் போடவே போடாதீர்கள். மூச்சுதான் அதற்கு அளவு. தாளம் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோமைக் காதில் மாட்டி அத்தையைப் பாடச் சொன்ன முதல் நாளை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் பாதியில் நிறுத்திவிட்டு, காதுக்குள் யாரோ தட்டிக்கொண்டே இருக்கிறார்கள் தாயி, நான் யாருக்காக அழுவது என்று கேட்டார். குரலை முதலில் தனியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு கருவிகள் அந்தக் குரலைப் பின்தொடரட்டும்.

நல்லதங்காளுக்கு நாங்கள் கண்ட வழியையும் சொல்லிவிடுகிறேன். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள், பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு தேடி அர்ச்சுனாபுரம் போகிறாள். அண்ணி மூளியலங்காரி கதவைத் திறக்காமல் துரத்துகிறாள். பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள். இது கொலையா என்று கேட்பவர்கள் உண்டு. கதவைச் சாத்தியதுதான் கொலை என்று நான் நினைக்கிறேன். பாட்டு தொடங்கும்போது ஏழு ஒலிகள்: இரண்டு கிதார், பேஸ், ஆர்மோனியம், டிரம்ஸ், உறுமி, தப்பு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஒலி நிற்கும். ஏழாவது பிள்ளை கெஞ்சி ஓடும் கட்டத்தில் தப்பின் சிம்புக்குச்சி ஓசை மட்டும் தனியே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அதுவும் நிற்கும். இந்த யோசனை எங்களில் மிக இளையவரான கிதார்க்காரருடையது. நான் எத்தனை ஆண்டு யோசித்திருந்தாலும் இது எனக்குத் தோன்றியிருக்காது.

சுருதி, கிதார்

பாடுகிறவர் உங்களுக்காகச் சுருதியை மாற்றக் கூடாது, நீங்கள்தான் மாற வேண்டும். அத்தையின் குரல் ஐந்தரைக் கட்டையில் நின்றது. மேற்கத்திய கணக்கில் அது ஜி ஷார்ப். கிதாருக்கு வசதியில்லாத இடம். ஆனால் எல்லாக் கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கிக் கட்டிக்கொண்டு ஏ வடிவத்தில் வாசித்தால் சரியாக அங்கே வந்து நிற்கும். பேஸ் கிதாரில் திறந்த ஏ கம்பியே அப்போது ஆதார ஷட்ஜம் ஆகிவிடும். தம்பூரா மாதிரி விடாமல் அதை ஒலிக்க விடலாம்.

கார்டு போடும்போது ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். காந்தாரத்தைச் சேர்த்தால் மேஜர் அல்லது மைனர் என்று கிதார் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நாட்டுப் பாடகரின் காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவில்தான் அழுகை இருக்கிறது, அதைக் கம்பி வைத்து மூடாதீர்கள். கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைத் தாராளமாகப் போடலாம். இரண்டே ஸ்வரம் என்பதால் கலங்காது.

இங்கிலாந்தில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழு 1969இல் ஒரு பழைய கொலைப் பாட்டை எட்டு நிமிடத்துக்கு மின்கிதாரோடு வாசித்தது. பிரபு தன் மனைவியையும் அவள் காதலனையும் கொல்லும் கதை. கதையைச் சொல்லும்வரை கருவிகள் சொல்லுக்குப் பின்னால் நடக்கும். சொல் தீர்ந்த பிறகே கிதாரும் வயலினும் கட்டவிழ்ந்து ஓடும். அதை நாங்கள் பாடமாக எடுத்துக்கொண்டோம். ஆஸ்திரேலியப் பாடகர் நிக் கேவ் 1996இல் கொலைப் பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். இசை அபாரம். ஆனால் அதில் கொன்றவர்களின் குரல் ஓங்கி நிற்கிறது. அது எனக்கு ஒப்பவில்லை. ஒரு பழைய பாட்டைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு குழுவும் இந்த இரண்டையும் கேட்டுவிட்டுத் தன் இடத்தைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

எங்கே பதிவது

தேவகோட்டை ரஸ்தாவில் நாற்பதுகளில் ஏவி.எம். ஸ்டூடியோ இருந்தது, படங்களே எடுத்தார்கள். இப்போது எங்கள் பக்கத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. ஆனால் செட்டிநாட்டு வீடுகள் இருக்கின்றன. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, பர்மாத் தேக்குத் தூண். எதுவும் ஒலியை உறிஞ்சாது. பட்டாலை என்ற கூடத்தில் நின்று ஒரு முறை கை தட்டினால் ஓசை வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றிவிட்டுத்தான் அடங்கும். கிதாருக்கு அது வரம். கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்பை இரண்டாங்கட்டில் வைத்து, மைக்கை வளவின் எதிர்த் தாழ்வாரத்தில் வைத்தோம். எந்த எஃபெக்ட் பெட்டியும் அந்த ஒலியைத் தராது.

டிரம்ஸை அங்கே வைத்தால் குழம்பிவிடும். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துக் கீழே விரித்து, பஞ்சு மெத்தைகளைச் சுற்றி நிறுத்துங்கள்.

வீடு கிடைப்பதற்கு முன்கூட்டியே பேசத் தொடங்குங்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர், ஊரில் இருப்பவர் ஒருவர், சென்னையில் ஐந்து பேர், சிங்கப்பூரில் இருவர். எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வீடு தந்த ஆச்சி பாட்டுகளின் வரிகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தார். ஊருணிப் பாட்டைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அங்கே நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. என் பேஸ் கிதாரின் அடிக்கம்பியைத் தட்டும்போதெல்லாம் எங்கோ ஒரு மணி ஒலித்தது. அரை நாள் தேடிக் கண்டுபிடித்தோம். பூட்டிய அறைக்குள் சீதனப் பாத்திரங்கள், அண்டாவும் தவலையுமாக அடுக்கி வைத்திருந்தவை, அந்த ஸ்வரத்துக்கு அதிர்ந்திருக்கின்றன. அறைச் சாவி சென்னைப் பங்காளியிடம். நான் அந்தக் கம்பியைத் தொடாமல் ஒரு ஸ்தாயி மேலே வாசித்தேன். ஒரு பாட்டில் மட்டும் வேண்டுமென்றே அடிக்கம்பியைத் தட்டினேன், நகைக்காகச் செத்தவளின் பாட்டில். அந்தப் பித்தளை ஓசை அதில் இருக்கிறது.

ஒப்பாரியைப் பதிய நேரம் வந்தபோது அத்தை வீட்டுப் படியேற மறுத்துவிட்டார். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் சாவை அழைத்ததாகும். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் யோசிக்கவில்லை. நீங்கள் இந்தப் பிழையைச் செய்யாதீர்கள். குடியிருக்கும் வீடு, கல்யாணம் நடக்கும் மண்டபம், பள்ளிக்கூடம் எதிலும் ஒப்பாரி வேண்டாம். புதுவயலில் அரிசி ஆலைகள் நிறைய. ஓடாமல் கிடந்த ஓர் ஆலையை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். தகரக் கூரை, உயர்ந்த சுவர், மூலையில் பழைய உமிக் குவியல். அந்த உமி மூட்டைகளையே பாடுபவருக்குப் பின்னால் அரணாக அடுக்கினோம். எதிரொலி அடங்கி, குரல் காதருகே வந்து நின்றது. இரண்டாம் நாள் மழை. தகரத்தில் விழுந்த முதல் துளிகளோடு பதிவான ஓர் ஒப்பாரியைத் தூக்கி எறிய மனமில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டோம்.

தப்பு அடிப்பவருக்கு வைக்கோல் தீ மூட்ட இடம் வேண்டும். தோலைக் காய்ச்சிய உடனே சுருதி ஏறி நிற்கும், பிறகு மெல்ல இறங்கும். எனவே கிதார் தயாரான பிறகுதான் தீ மூட்ட வேண்டும். மைக்கைத் தோலுக்கு நேராக வைக்காமல் மூன்றடி தள்ளிப் பின்பக்கமாக வையுங்கள். சாதாரண டைனமிக் மைக் போதும்.

பணம், பெயர், ஒப்பந்தம்

சிந்துப் புத்தகத்தின் அட்டையிலோ கடைசி அடியிலோ இயற்றியவர் பெயர் இருக்கும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்து 60 ஆண்டுகள் ஆகும்வரை உரிமை அவருடைய குடும்பத்துக்கு. பெயரே இல்லாத நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். காலம் கடந்திருந்தாலும் பெயரைப் போடுங்கள். ஓரணாப் புத்தகம் எழுதியவருக்கு வேறு நினைவுச் சின்னம் கிடையாது.

பாடிக் கொடுத்தவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள். வாய்மொழிப் பாட்டுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று சொல்லிப் பாடியவரை வெறுங்கையோடு அனுப்புவது திருட்டு. பணத்தைப் பாடும் முன்னரே கொடுத்துவிடுங்கள். இழவு வீட்டில் பாடுகிறவர்கள் காசுக்காகக் காத்து நின்று பழகியவர்கள், உங்களிடமும் அப்படி நிற்க வேண்டாம். நாங்கள் ஒப்பந்தத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, அத்தையின் மகளை வைத்து உரக்கப் படிக்கச் செய்து, பிறகு கைநாட்டு வாங்கினோம். அவர் பாடிய பாட்டுகளின் வருமானத்தில் பாதி அவருக்கு. அவர் பெயர் எங்கள் எல்லோர் பெயருக்கும் மேலே.

வெளியிடும் முன்

கலவை முடிந்ததும் நல்ல ஸ்பீக்கரில் கேட்டு மகிழ்ந்துவிட்டு வெளியிட்டுவிடாதீர்கள். ஒரு மலிவான ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு பாட்டைத் தந்தவரின் வீட்டுக்குப் போங்கள். வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் போட்டுக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அத்தை ஏழு பாட்டுகளைப் பேசாமல் கேட்டார். எட்டாவது நல்லதங்காள். பாதியில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் திரும்பப் போடச் சொன்னார். மூன்றாவது பிள்ளையை அவள் கூப்பிடுகிறாள், பெயர் கேட்கவில்லையே தாயி என்றார். நாங்கள் நூறு தடவை கேட்ட பாட்டு அது. வரி எங்களுக்கு மனப்பாடம் என்பதால் இல்லாததும் எங்கள் காதில் விழுந்திருக்கிறது. அந்த இடத்தில் டிரம்ஸின் சிம்பல் தட்டில் ஓர் அடி, பெயரின் முதல் எழுத்துக்கு நேர் மேலே.

அன்று மாலையே ஊருக்குத் திரும்பி அந்தச் சிம்பலை எடுத்துவிட்டோம்.